வசந்தா எடைக்குப் பலாப்பழம்

"எம்புட்டுப் பழம் வேணும்?" என்று பழம் விற்கிற அம்மா கேட்டது சாதாரணக் கேள்விதான். "எங்க வீட்டம்மா எடைக்கு" என்று நான் சொன்ன பதில்தான் வம்பு.

ஆலங்குடி சாலையோரம், ஒரு வேப்பமரத்தடி. கீரமங்கலத்துத் தோப்புகளிலிருந்து வந்து இறங்கிய பலாப்பழங்கள், கல்யாண வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்து சாய்ந்து கிடக்கும் சம்பந்தி வீட்டார் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. ஆனி மாதத்து வெயில். அந்த வாசனையில் ஈக்களுக்கே தலை சுற்றிக்கொண்டிருந்தது.

அம்மா முதலில் என்னைப் பார்த்தார். பிறகு என் காரைப் பார்த்தார். கூரை கிடையாது. இரண்டே சீட்டு. கைப்பிடிச் சுவரைவிடக் குட்டை. இரண்டு வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில் அதை வாங்கிய கதையை எழுதியபோது, 'இது வாகனமா, வைராக்கியமா?' என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். எங்கள் வீதியில் அதற்குப் பெயர் மொட்டைக் காரு.

"நேர்த்திக்கடனா? துலாபாரமா?" என்றார் அம்மா. குரலில் திடீரென்று ஒரு மரியாதை.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் உண்மையைச் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும். தலையைப் பொதுவாக ஆட்டிவைத்தேன்.

"எந்தக் கோயிலுக்கு?"

"குடுமியான்மலைப் பக்கம்." இது பொய்யில்லை. போகிற இடம் அந்தப் பக்கம்தான். கோயில் என்றுதான் நான் சொல்லவில்லை.

"அவுக வரலையா?"

"வெளிநாட்டுல இருக்காங்கம்மா."

"அப்பத் தராசுல யாருய்யா உக்காருவா?"

குனிந்து ஒரு பழத்தைத் தட்டிப் பார்த்தேன். நாம் கியர் விஷயத்துக்குப் போய்விடலாம்.

பெட்டிக்குள் பல்வலி

நான் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்தவன். ஊரில் உள்ளவர்களிடமெல்லாம் ஆபத்தைப் பற்றி எச்சரித்தே சம்பளம் வாங்கினேன். விருப்ப ஓய்வில் வந்ததும் செய்த முதல் காரியம், பொன்னமராவதிப் பக்கம் ஒரு பெரிய வீட்டுக் கொட்டகையில் புளி மூட்டைகளுக்கு அடியில் கிடந்த இந்தப் பழைய இங்கிலீஷ் காரை வாங்கியது. அதற்கு ஏறத்தாழ என் வயது. என்னைப் போலவே அதற்கும் முழங்காலுக்குக் கீழே நம்பகம் கிடையாது.

அதற்கு மூன்றாவது கியர் நிற்காது. போட்டுவிட்டு, கம்பியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டும். கையை எடுத்தால் 'டொக்' என்று நியூட்ரலுக்கு ஓடிவந்துவிடும். கியர் பெட்டியைத் திறந்து பார்த்த கருப்பையா, உள்ளே பாதிப் பல் கொட்டிவிட்டது என்றான்.

கருப்பையா என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். அன்னவாசல் சாலையில் பட்டறை வைத்திருக்கிறான், பெரும்பாலும் டிராக்டர். எதைத் திறந்தாலும், முன்னால் திறந்தவனைத் திட்டிவிட்டுத்தான் வேலை தொடங்குவான்.

"எந்த மடப்பய மாப்ள இதக் கடைசியாத் தொறந்தது?"

"நீதான்டா. போன வருஷம்."

"அப்பச் சாமான் சரியில்ல" என்றான், ஒரு கணம்கூடத் தயங்காமல்.

விகிதம் என்பது யாதெனில்

உடைந்த பல்லை ஒட்ட முடியாது. கியர்கள் எல்லாவற்றையும் கோயம்புத்தூரில் புதிதாக வெட்டி வாங்க வேண்டும். வெட்டுகிறவர் போனில் கேட்டார், எந்த செட் வேண்டும் என்று. அப்போதுதான் தெரிந்தது, இந்தக் காருக்குக் கியர் விகிதத்தில் இரண்டு தினுசு உண்டென்று.

விகிதம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். எஞ்சின் எத்தனை சுற்று சுற்றினால் சக்கரத்துக்குப் போகிற தண்டு ஒரு சுற்று சுற்றும், அவ்வளவுதான் கணக்கு. காரோடு பிறந்த செட்டில் முதல் கியருக்கு மூன்றரைச் சுற்றுக்கு மேல். எஞ்சின் மாய்ந்து மாய்ந்து சுற்றும், வண்டி மெதுவாக நகரும்; ஆனால் இரண்டு பேரையும் பெட்டிபடுக்கையையும் மலைமேல் ஏற்றிவிடும்.

இன்னொன்று பந்தயக்காரர்களுடைய செட். முதல் கியரே இரண்டரைதான். கியருக்குக் கியர் இடைவெளி குறைவு. மாற்றும்போது எஞ்சின் சுருதி இறங்காது, வெண்ணெயில் கத்தி போவதுபோல் போகும். ஒத்தையாக, ஓட்டமாகப் போகிறவனுக்குச் சொர்க்கம். ஆனால் சுமையோடு ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தால் கிளட்ச் கருகும்.

நாலாவது கியர் இரண்டு செட்டிலும் ஒன்றுதான். ஓட ஆரம்பித்துவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. வித்தியாசமெல்லாம் கிளம்புவதில்தான். விமான நிலையத்து வாசலில் நின்று கையாட்டியவர்களுக்கு இது புரியும்.

கோயம்புத்தூர்க்காரர் இன்னொன்றும் சொன்னார். "ஏனுங்க சார், இருவதுக்கு நாப்பதுன்னு பல்லு வெட்டவே கூடாதுங்க. ஒரே பல்லு ஒரே பல்லையே பாத்துப் பாத்து ரெண்டும் தேஞ்சு போயிருமுங்க. ஒண்ணக் கூட்டியோ கொறச்சோ வெக்கோணும். அப்பத்தான் எல்லாப் பல்லும் எல்லாப் பல்லோடயும் பழகுமுங்க."

முப்பது வருஷத்தை நெருங்கும் என் தாம்பத்தியத்தை யாரும் இவ்வளவு சுருக்கமாக எனக்கு விளக்கியதில்லை.

கருப்பையா பட்டறையைத் தாண்டிப் போனால் குடுமியான்மலை. அங்கே பாறையில் ஸ்வரங்களை வரிசை வரிசையாக வெட்டிவைத்திருக்கிறார்கள். அதைப் பற்றிப் புத்தகங்கள் படித்திருக்கிறேன். அதன் முன்னால் நின்று விவரம் தெரிந்தவன்போலத் தலையாட்டியும் இருக்கிறேன். ஒன்றும் விளங்கியதில்லை. "வெயிலடிக்குது, வாங்க" என்று வசந்தா பின்னாலிருந்து சொன்னது மட்டும் சுருதி சுத்தமாக நினைவிருக்கிறது. அந்தப் பாறை ஸ்வரங்களும் கியர் செட்டும் ஒரே வகைதான் என்று இப்போது படுகிறது. ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி நின்றால் கேட்க நன்றாக இருக்கும் என்கிற கணக்கு.

"சரிங்க, விசயத்துக்கு வாரேன்" என்றார் கோயம்புத்தூர்க்காரர். "வண்டீல எத்தன பேருங்க? நீங்க மட்டும்தானுங்களா, ரெண்டு பேருங்களா? அதச் சொல்லீட்டீங்கன்னா எந்த செட்டுன்னு நானே சொல்லீருவேன். ஒருக்கா வெட்டீட்டா மாத்த முடியாதுங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். எத்தனை பேர் என்பதற்கு யோசிக்க நேரம் கேட்ட முதல் வாடிக்கையாளன் நானாகத்தான் இருப்பேன்.

டி-யில் போட்டால் போகிறது

வசந்தா என் மனைவி. மகள் பிரசவத்துக்கு மெல்போர்ன் போனவள். பேத்தி இப்போது முழு வாக்கியம் பேசுகிறாள், அதுவும் ஆங்கிலத்தில். நடுவில் திரும்பி வருகிற டிக்கெட்டைத் தள்ளிவைத்தார்கள். அப்புறம் விசாவை நீட்டினார்கள். அப்புறம் டிக்கெட் என்ற சொல்லே எங்கள் பேச்சிலிருந்து உதிர்ந்துவிட்டது. சண்டை ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் சமாதானம் பேச வரவாவது செய்வாள்.

கார் வீட்டுக்கு வந்த அன்று அவள்தான் சொன்னாள்: "இது ஓடுறப்போ சொல்லுங்க. கொடைக்கானல் போவோம். மேல வரைக்கும் ஏறுதான்னு பாப்போம்." அவள் சொன்னது கேலியா ஆசையா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதற்குள் மகளுக்கு நாள் நெருங்கி, இவள் விமானம் ஏறிவிட்டாள்.

மெஸ் சாப்பாட்டுக் கேரியரை நான் பிரிக்கிற நேரத்தில் அங்கே இருட்டத் தொடங்கியிருக்கும். அதுதான் நாங்கள் பேசுகிற நேரம்.

"என்னங்க, சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டுக்கிட்டிருக்கேன். வசந்தா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க."

"ஒன் வெயிட்டு என்ன?"

இந்தக் கேள்வியின் கனத்தை வாசகர் உணர வேண்டும். முன்பெல்லாம் ரயில்வே ஸ்டேஷனில் விளக்குப் போட்ட எடை மெஷின் இருக்கும், காசு போட்டால் அட்டை விழும். வசந்தா அட்டையை மூடிவைத்துக்கொண்டு பின்பக்கத்து ஜோசியத்தை மட்டும் எனக்கு வாசித்துக் காட்டுவாள். பிறகு சுக்குநூறாகக் கிழித்துவிடுவாள். டாக்டர் கேட்டால்கூட என்னை வெளியே அனுப்பிவிட்டுத்தான் சொல்வாள்.

அன்றைக்கு உடனே சொன்னாள். புள்ளிக்கு அப்புறம் இருக்கிற எண்ணையும் சேர்த்து. "இங்க பாத்ரூம்லயே மெஷின் இருக்கு. காலையிலதான் பாத்தேன்."

அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன். இந்த வார இதழ் அங்கேயும் போனில் கிடைக்கிறது.

"எதுக்குக் கேக்குறீங்க?"

"கியர் பாக்ஸுக்கு."

சிரித்தாள். நல்ல சிரிப்பு. "இன்னும் அத முடிக்கலையா? நான் இப்பத்தான் பாப்பாவ நீச்சல் கிளாஸ்ல இருந்து கூட்டிட்டு வந்தேன். நானே ஓட்டிட்டு! இங்க கியரே கெடையாதுங்க. டி-ல போட்டாப் போகுது. ஆர்-ல போட்டாப் பின்னால வருது. அம்புட்டுத்தான்."

"அப்ப ஒரு தடவ ஆர் போட்டுப் பாரேன்."

மறுமுனையில் பேத்தி ஏதோ கேட்டாள், இவள் ஏதோ சொன்னாள். "குளுருதுங்க. உள்ள போறேன். ரசம் குடுத்தாங்களா இன்னைக்கு?"

"குடுத்தாங்க."

போனை வைத்துவிட்டு எனக்கு ஒரே பெருமை. கேட்டதும் எடையைச் சொல்லிவிட்டாளே! வெளிநாடு மனுஷியை எவ்வளவு மாற்றிவிட்டது!

ஓசிப் பழம்

எடை கேட்கச் சொன்னது கருப்பையாதான். அவன் யோசனை இது: "தாள்ல கணக்குப் போடுறவன் போடட்டும் மாப்ள. தங்கச்சி வெயிட்டுக்கு எதையாச்சும் சீட்டுல ஏத்து. கம்மாக் கரை மேட்டுல நிப்பாட்டி, செகண்ட் கியர்ல எடுப்போம். இதோட செகண்டும் அந்தப் பந்தய செட்டோட ஃபர்ஸ்ட்டும் கிட்டத்தட்ட ஒண்ணு. ஏறிருச்சுன்னா பந்தய செட்டே போதும்."

அரிசி மூட்டை ஏற்றியிருக்கலாம். ஆனால் மூட்டை ஆள் மாதிரி உட்காராது, நடுவில் மடங்கிப் படுத்துவிடும். பலாப்பழம் நன்றாக உட்காரும்.

வேப்பமரத்தடி அம்மா தராசில் வைத்து, எடுத்து, மாற்றி, வசந்தாவைத் துல்லியமாக நிறுத்துக் கொடுத்தார். அப்புறம் எல்லாவற்றிலும் பெரியதாக ஒன்றைத் தூக்கிவந்து, இடது சீட்டில் ஏற்றியிருந்த பழங்களின் மேலே வைத்தார்.

"கூடிருச்சேம்மா."

"இது என் கணக்கு. சாமி காரியம்னுட்டீங்க. நானும் ஒண்ணு தாரேன். அவுக நல்லபடியா வந்து சேரட்டும்."

காம்பிலிருந்து பால் வடிந்து சீட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. துண்டால் பழங்களைச் சீட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

டவுனுக்குள் வரும்போது டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "தூரத்துல பாத்தப்ப அம்மா வந்துட்டாங்கன்னு நெனச்சேன் சார்!"

மேல ராஜ வீதி திரும்பியதும் ஒரு ஆடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். மூன்றாவது கியரைப் பிடித்துக்கொண்டிருந்த என் இடது கை, என்னைக் கேட்காமலே கம்பியை விட்டுவிட்டு, முன்னால் சாய்ந்த பழத்தைப் போய்ப் பிடித்தது. கியர் 'டொக்' என்று விழுந்தது. ஆடு போய்விட்டது. கை மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. முள் உறுத்தியது.

கண்மாய்க் கரை

ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள எங்கள் பக்கத்தில் ரயில்வே மேம்பாலமும் கண்மாய்க் கரைகளும்தான். பட்டறைக்குப் பின்னால் ஒரு கரைக்குச் செம்மண் பாதை ஏறுகிறது. கருப்பையா கையில் ஒரு கருங்கல்லோடு பின்சக்கரத்துப் பக்கம் நின்றான்.

முதலில் பழத்தை எல்லாம் இறக்கிவிட்டு, நான் மட்டும். பாதி மேட்டில் நிறுத்தி, செகண்டில் எடுத்தேன். வண்டி ஒரு உதறு உதறிவிட்டு ஏறிவிட்டது.

"ஒத்த ஆளுக்குப் பந்தய செட்டு தாராளம். இப்பத் தங்கச்சிய ஏத்து" என்றான்.

ஏற்றினோம். பாதி மேட்டில் நிறுத்தி, கிளட்சை விட்டேன். எஞ்சின் இருமியது, நடுங்கியது, நின்றுவிட்டது. வண்டி பின்னால் உருள, கருப்பையா கல்லைத் திணித்தான். மறுபடியும் முயன்றேன். கிளட்ச் கருகும் வாடை பலாப்பழ வாசனையோடு கலந்து வந்தது. ஏறவில்லை.

எனக்குள் ஏனோ ஒரு சந்தோஷம்.

கருப்பையா கிட்டே வந்தான். "அந்த ஓசிப் பழத்த எறக்கிட்டு ஒருக்காப் பாப்போம். அதத் தள்ளினாத்தான சரியான வெயிட்டு? ஏறினாலும் ஏறிரும்."

"சாமிக்குக் குடுத்தத எறக்கக் கூடாதுடா."

"யாரு, நீயி? கோயில்ல செருப்ப எங்க விடணும்னு கூடத் தெரியாத பய நீ."

"இல்லடா. அங்க குளுரு. நல்ல சாப்பாடு. வர்றதுக்குள்ள கொஞ்சம் வெயிட்டுப் போடுவா."

என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு கல்லைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே பேச்சை மாற்றினான்.

"ஆனாலும் தங்கச்சி கெட்டி மாப்ள. எங்க வீட்டுல இந்தக் கேள்வியக் கேட்டா அருவாமனை பறக்கும். அப்படியே சொன்னாலும் பத்துக் கிலோவ முழுங்கிட்டுத்தான் சொல்லுவா. வண்டீல கூட உக்காரப் போறவளாச்சே, மானம் போயிருமுல்ல! தங்கச்சி படார்னு உள்ளதச் சொல்லிருச்சே!"

பாராட்டாகத்தான் சொன்னான். அவனுக்குச் சூதுவாது தெரியாது.

நான் ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். எதிரே கண்மாய் வறண்டு, கருவேலம் முளைத்துக் கிடந்தது. ரயில்வே ஸ்டேஷன் அட்டையைக் கிழித்தவள், டாக்டர் ரூமிலிருந்து என்னை வெளியே அனுப்பியவள், புள்ளிக்கு அப்புறம் உள்ளதையும் மறைக்காமல் சொல்லிவிட்டாள். யாரோ கணக்கெடுப்புக்கு வந்தவனிடம் சொல்வதுபோல. இந்தச் சீட்டில் வந்து உட்காரப் போகிறவள் என்றால், குறைத்துத்தான் சொல்லியிருப்பாள்.

"என்ன மாப்ள, வெயிலு ஒத்துக்கலையா?"

"ஒண்ணுமில்ல. பழத்தக் கோயில்ல எறக்கிருவோம்."

குடுமியான்மலைக் கோயில் வாசலில் வைத்து அறுத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கொடுத்தோம். என்ன வேண்டுதல் என்று கேட்டவர்களிடம் கருப்பையா வாய் கூசாமல், "வண்டிக்குப் பல்லு மொளைக்கணும்னு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் ஒரு சுளை சாப்பிட்டேன். தேனாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அங்கிருந்தே கோயம்புத்தூருக்குப் பேசினேன்.

"சொல்லுங்க சார். எத்தன பேருங்க?"

"ரெண்டு பேர்" என்றேன்.

ஏற்றம்

பலா சீசன் முடிந்து, கண்மாயில் கொஞ்சம் தண்ணீரும் வந்த பிறகுதான் கியர்கள் வந்து சேர்ந்தன. எண்ணெய்த் தாளைப் பிரித்தால் புத்தம்புதுப் பற்கள். எதுவும் எதையும் இதுவரை சந்திக்காதவை. கருப்பையா, கடைசியாகத் திறந்தவனைத் திட்டிவிட்டு, மாட்டிக் கொடுத்தான்.

மூன்றாவது கியர் இப்போது நன்றாக நிற்கிறது. கையால் பிடிக்க வேண்டியதில்லை. அதனால் இடது கைக்கு வேலை இல்லை, தொடைமேல் கிடக்கிறது.

"ஒத்த ஆளுக்கு இந்த ஃபர்ஸ்ட் கியர் அதிகம் மாப்ள" என்று கருப்பையா சொன்னது சரிதான். போட்ட மாத்திரத்தில் வண்டி துள்ளுகிறது. நாலடி போவதற்குள் அடுத்ததுக்கு மாற்றச் சொல்லிக் கத்துகிறது.

போன வாரம் தனியாக அந்தக் கரைக்குப் போனேன். பாதி மேட்டில் வேண்டுமென்றே நிறுத்தினேன். கல் வைக்க ஆளில்லை. முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டேன். ஒரு முனகல் இல்லை, நடுக்கம் இல்லை. ஏறி மேலே போய் நின்றது. இரண்டு பேருக்கு வெட்டிய கியர் ஒரு ஆளைச் சுமக்கும்போது சத்தமே போடுவதில்லை. கொஞ்சம் போட்டால் தேவலை.

மறுநாள் மதியம் வசந்தா கேட்டாள். "வண்டி ரெடியாமே? மேடெல்லாம் ஏறுதா?"

"ஏறுது. ஆனா நீ இருந்தாத்தான் சரியாத் தெரியும்."

"பாப்போம்" என்றாள். முன்பு கொடைக்கானலுக்குச் சொன்ன அதே 'பாப்போம்'தானா என்று பிடிபடவில்லை. ரசம் பற்றிக் கேட்டாள். கொடுத்தார்கள் என்றேன்.

இடது சீட்டில் பலாப்பால் வடிந்த இடம் அப்படியே இருக்கிறது. உள்ளங்கை அகலத்துக்கு, பழுப்பாக, பிசுபிசுவென்று. தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தால் வந்துவிடும் என்கிறான் கருப்பையா. அதில் யாராவது உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க முடியாது.

தேய்க்கவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.